பயறு முளைப்பதைப் பார்க்க ஒரு கேமரா

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு பச்சைப்பயறைக் கொடுத்து ஊன்றச் சொன்னால், மறுநாள் காலை முதல் வேலையாக மண்ணைக் கிளறிப் பார்க்கும். செடி வளர்ச்சியைச் சொல்லிக் கொடுப்பதன் சிரமம் முழுவதும் இதில் இருக்கிறது. வளர்ச்சி தொடங்குவது மண்ணுக்குள். நடக்கும் வேகமோ கண்ணுக்குப் பிடிபடாதது. நேற்று பார்த்தது எப்படி இன்று பார்ப்பதாக மாறியது என்று ஆறு வயதில் கோத்துப் பார்க்க முடிவதில்லை.

பெரிய அறிவியலாளர்களும் இதே தடையோடு மல்லுக்கட்டியவர்கள்தாம். செடிகளின் அசைவைப் பற்றி மகன் பிரான்சிஸின் துணையோடு 1880-இல் நூல் வெளியிட்ட சார்லஸ் டார்வின், செடிக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகட்டை நிறுத்தி, செடியின் நுனி இருந்த இடத்தை அவ்வப்போது புள்ளியிட்டு, புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தார். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் பெஃபர் 1898-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அப்போதுதான் பிறந்திருந்த சினிமா கேமராவைச் செடிகளின் பக்கம் திருப்பினார். நம் ஜகதீஷ் சந்திர போஸ், வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியையே உருவாக்கினார். இன்று அந்த வேலையில் பெரும்பகுதியை ஆசிரியரின் செல்போன் செய்துவிடும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு இருக்கிறது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் ஸ்மார்ட் போர்டும் வந்துவிட்டது. கருவி இருக்கிறது; அதில் எதைக் காட்டுவது என்பதுதான் கேள்வி. விதை போட்டதும் வேரும் இலையும் சேர்ந்து துள்ளி எழும் கார்ட்டூனைக் காட்டிவிட்டுப் பாடத்தை முடித்தால், பிள்ளை கற்பது செடியைப் பற்றி அல்ல. திரையில் முதலில் ஓட வேண்டியது அந்த வகுப்பின் சொந்தச் செடி. ஆயத்த வீடியோவுக்கு இடம் அதற்குப் பிறகுதான்.

செய்முறை எளிது. கண்ணாடி டம்ளரின் உட்சுவரை ஒட்டி டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, நடுவில் பஞ்சை அடைக்க வேண்டும். இரவு ஊறவைத்த பயறுகளைக் கண்ணாடிக்கும் பேப்பருக்கும் இடையே செருகி, அடியில் சிறிது தண்ணீர் விட்டால் போதும். மண்ணுக்குள் நடப்பதெல்லாம் இப்போது வெளியே தெரியும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று செல்போனை அமைத்தால் ஒரு நாளில் 96 படங்கள், ஐந்து நாளில் 480. நொடிக்கு 24 படம் வீதம் ஓட்டினால் 20 நொடி டைம்லேப்ஸ் தயார். இரவில் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். அதை ஒரு பக்கமாக வைத்தால் முளை அந்தப் பக்கமே சாயும்; அதுவே இன்னொரு பாடமாகிவிடும்.

ஐந்து நாள் செல்போனைப் பிரிந்திருக்க எந்த டீச்சராலும் முடியாது என்பது தெரிந்ததே. அதற்கும் வழி உண்டு. மேசையில் டம்ளருக்கு ஒரு வட்டமும் செல்போனுக்கு ஒரு கோடும் சாக்பீஸால் போட்டுவிட்டு, பிரேயர் முடிந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன்பும், கடைசி மணிக்கும் ஒரு படம் எடுக்கலாம். பத்து நாளில் 30 படங்கள். ஸ்மார்ட் போர்டில் விரலால் வேகமாகத் தள்ளினாலே செடி எழுந்து நிற்கும். இந்த முறைதான் எனக்கு அதிகம் பிடிக்கிறது; ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிள்ளை பொறுப்பேற்கிறது.

படத்தை ஓட்டும் முன், விதையிலிருந்து முதலில் என்ன வரும் என்று ஒவ்வொருவரும் வரைந்து காட்ட வேண்டும். பலர் இலையைத்தான் வரைவார்கள். ஓட்டிப் பார்த்தால் முதலில் வருவது முளைவேர். அது கீழ்நோக்கி இறங்கிய பிறகுதான் தண்டு கொக்கிபோல் வளைந்து விதையிலைகளைத் தூக்கிக்கொண்டு நிமிர்கிறது. விதையைத் தலைகீழாகச் செருகினாலும் வேர் வளைந்து கீழேயே போகும். வேர் நுனியின் செல்களில் உள்ள ஸ்டார்ச் மணிகள் எந்தப் பக்கம் சரிந்து படிகின்றனவோ, அதுவே வேருக்குக் கீழ்ப்பக்கம். ஐந்தாம் வகுப்புக்கு இதைச் சொல்லலாம். ஒன்றாம் வகுப்புக்கு வேர் திரும்புவதைப் பார்ப்பதே போதும்.

அடுத்ததாக இரண்டு டம்ளர்கள்: ஒன்று சன்னலோரம், மற்றொன்று அட்டைப்பெட்டிக்குள். எது உயரமாக வளரும்? வெளிச்சத்தில் இருப்பதுதான் என்று வகுப்பே கை தூக்கும். சில நாளில் பெட்டியைத் திறந்தால் இருட்டில் வளர்ந்ததே நெட்டையாக, வெளிறிய மஞ்சளாக நிற்கும். அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி பார்த்த பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இருட்டறையில் வளர்ப்பதால்தான் அதற்கும் அந்த நிறம், அந்த உயரம். வெளிச்சத்தைத் தேடி, விதையிலையில் சேர்த்துவைத்த உணவையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழிக்கிறது முளை. ஒளி இல்லாமல் பச்சையம் உருவாகாது. பச்சையம் இல்லாமல் புதிய உணவும் இல்லை. இன்னும் சில நாள் படமெடுத்தால் அது துவண்டு விழுவதும் பதிவாகும். செடிக்குச் சோறு போடுவது மண்தான் என்ற எண்ணத்தை, மண்ணே இல்லாத இந்த இரண்டு டம்ளர்களும் அசைத்துப் பார்க்கும்.

அளப்பதற்கு ஸ்கேல் வேண்டாம். செடியின் உயரத்துக்குத் தினமும் ஒரு காகிதப் பட்டையை வெட்டிச் சார்ட்டில் வரிசையாக ஒட்டினால் அதுவே வரைபடம். மண் ஈரத்தை அளக்கும் சென்சார்களும் விற்கின்றன. ஆறு வயதில் அந்த எண்ணைவிட மண்ணில் விரலை வைத்து ஈரத்தை அறிவது மேல் என்பது என் உறுதியான கருத்து. மாறாக, ஸ்டான்போர்டில் மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் அறிமுகப்படுத்திய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி, வேர்த்தூவிகளைக் காட்ட நல்ல துணை. விரலால் தொட்டு அறிய முடியாதவை அந்தத் தூவிகள்.

எல்லா டம்ளரிலும் பயறு முளைக்காது. தண்ணீர் மேலே நின்றால் விதைக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். பழைய விதை அப்படியே கிடக்கும். அந்தப் படங்களை அழித்துவிடக் கூடாது. அவற்றையும் திரையில் ஓட்டி, ஏன் முளைக்கவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தண்ணீர் கூடிப்போச்சு என்று ஒரு பிள்ளை சொன்னால், கொஞ்சம் தண்ணீர், நிறையத் தண்ணீர் என இரண்டு டம்ளர்களை அதே சாக்பீஸ் வட்டங்களில் வைத்து, மறுநாள் பிரேயர் முடிந்ததும் முதல் படத்தை அந்தப் பிள்ளையையே எடுக்கச் சொல்லலாம்.