காளான் அறைக்கும் மூச்சு வேண்டும்

பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடைப்பட்ட குன்னத்துகால் பகுதியில் பல வீடுகள் சிறிய மனையில் நிற்பவை. ரப்பர் விலையை நம்பியிருக்க முடியாத குடும்பங்களுக்கு, ஒழிந்து கிடக்கும் ஓர் அறையில் செய்யத்தக்க தொழில் சிப்பிக் காளான் வளர்ப்பு. வைக்கோலோ ரப்பர் மரத்தூளோ போதும். வித்தும் பயிற்சியும் பெற வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. ஆனால் தொடங்கிய சில மாதங்களில் அறையில் நாற்றம், அடுத்த வீட்டாரின் முணுமுணுப்பு, வீட்டில் ஒருவருக்கு இருமல் என்று வந்தால் தொழில் நின்றுபோகும். இம்மூன்றுக்கும் மருந்து ஒன்றே: காற்றோட்டம்.

காளான் செடியல்ல. நம்மைப் போலவே பிராணவாயுவை இழுத்துக் கரியமிலவாயுவை விடுகிறது. பைகளில் வித்து பரவும் 15 முதல் 20 நாட்கள் வரை காற்று குறைவாக இருந்தாலும் பழுதில்லை. மொட்டு விடும்போது புதுக்காற்று கட்டாயம். இல்லையேல் தண்டு நீளும், குடை சிறுக்கும். தண்டு நீண்டிருந்தால் அறைக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

பழைய ரயில் பெட்டிகளின் கூரையில் காற்றுப்போக்கிகள் இருந்ததை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். வண்டி ஓடும்போது மேலே பாயும் காற்று உள்காற்றை உறிஞ்சி எடுக்கும். வண்டி நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். வீட்டறை நின்ற வண்டி போன்றது. காற்றை நாம்தான் ஓட்ட வேண்டும்.

கணக்கு எளிது. மூன்று மீட்டர் நீளம், அகலம், உயரமுள்ள அறையில் 27 கன மீட்டர் காற்று. மணிக்கு ஆறு முறை மாற்ற 162 கன மீட்டர் வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். வலையும் குழாயும் தடுக்குமாதலால் ஏறக்குறைய இரு மடங்கு திறனுள்ளதாக எடுப்பது நல்லது. ஃபேன் ஒரு சுவரின் மேற்பகுதியிலும், காற்று நுழையும் வழி எதிர்ச் சுவரின் கீழ்ப்பகுதியிலும் அமையட்டும். நுழைவழி ஃபேனின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஈ புகாதபடி நெருக்கமான வலை கட்டி, வாரம் ஒருமுறை கழுவுங்கள். ஈரமான அறையாதலால் மின் இணைப்புக்குக் கசிவுத் தடுப்பான் பொருத்துவது அவசியம்.

காற்றை மாற்றினால் ஈரம் போய்விடுமே என்பார்கள். காளானுக்கு 80 முதல் 90 சதவீத ஈரப்பதம் தேவைதான். இங்கே இரண்டு மழைக்காலமும் உண்டு. அப்போது வெளிக்காற்றே ஈரமாக இருக்கும். மார்ச், ஏப்ரல் வெயிலில் நுழைவழியில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் வரும்.

இனி நாற்றம். நல்ல பையில் புதுக்காளான் மணமே வரும். புளித்த வாடை வந்தால் வைக்கோலில் நீர் மிகுந்து அழுகுகிறது. பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் பை கட்ட வேண்டும். கெட்ட பையையும் அறுவடை முடிந்த பையையும் அன்றே வெளியேற்றித் தொலைவில் உரக்குழியில் மூடுங்கள். சிரட்டைக்கரியில் செய்த ஊக்கக்கரி வாடையைப் பிடிக்கும். காற்று கரியின் வழியே போனால்தான் பயன். மூலையில் கிண்ணத்தில் வைத்தால் போதாது. ஈரக்காற்றில் அதன் சக்தியும் குறையும். ஆகவே அது துணையே, சுத்தமே முதன்மை. ஊதுவத்தி நாற்றத்தை மறைக்குமேயன்றி நீக்காது.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முற்றிய காளானிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூள் உதிரும். நாள்தோறும் சுவாசிப்போர் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை வரும். குடையின் ஓரம் சுருளுமுன் பறியுங்கள். ஃபேனைச் சற்று ஓடவிட்டு, முகமூடி அணிந்து உள்ளே செல்லுங்கள். படுக்கையறையை ஒட்டி வளர்ப்பறை வேண்டாம். ஃபேனின் வாய் அடுத்த வீட்டு ஜன்னலை நோக்கவும் கூடாது. அறைக்குள் வேலை செய்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் கண்டால், இன்ன தொழில் செய்கிறோம் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அந்த அறைக்குள் நிற்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். பைகளின் எண்ணிக்கையைக் கூட்டுமுன் அவர்கள் சுவாசிக்கும் காற்றைச் சரிசெய்வோம்.