இரண்டு கார்புரேட்டர், ஒரே மூச்சு!
பழைய ராஜ்தூத் 350-ல் ஊருக்குக் கிளம்புமுன் கவனிக்க வேண்டியவை

பொம்மசந்திராவுக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்ட பிறகு, ஆர்.வி. ரோட்டில் ஏறினால் நேராகத் தொழிற்பேட்டை வாசலில் இறங்கலாம். ஆனாலும் மோட்டார் சைக்கிள் மோகம் மட்டும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. அதிலும் பழைய வண்டியைத் தேடிப் பிடித்து, பெயிண்ட் அடித்து, நிக்கல் பூசி, புது மெருகோடு ஓட்டுவதில் பலருக்குத் தனி ஆசை.

இது இந்திய ஜாவா பிறந்த மாநிலம். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு 'எஸ்டி' என்று பெயர் மாறியது. 1996-ல் ஆலை மூடப்பட்டது. இன்றும் ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறன்று ஜாவா தினம் கொண்டாடுகிறார்கள். ஜாவா 250-க்குப் புகைக்குழாய் இரண்டு. பார்ப்பவர்கள் ஏமாந்துவிடுவார்கள். உள்ளே சிலிண்டர் ஒன்றுதான், கார்புரேட்டரும் ஒன்றுதான்.

உண்மையிலேயே இரட்டை கார்புரேட்டர் வைத்த வண்டி ராஜ்தூத் 350. ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350-ஐ ஒட்டி எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983 முதல் 1989 வரை இதைத் தயாரித்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், ஆறு கீர். பெட்ரோல் குடிக்கிறது என்று அந்தக் காலத்தில் பலர் ஒதுக்கினார்கள். இன்று அதற்குத்தான் கிராக்கி.

ஏர் பூட்டிய இரண்டு மாடு

கார்புரேட்டரின் வேலை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் புகை வரும், பிளக் கறுக்கும். குறைந்தால் எஞ்சின் சூடேறும். மெக்கானிக்குகள் இதை 'லீன்' என்பார்கள்.

இரண்டு கார்புரேட்டர் என்றால் ஏரில் பூட்டிய இரண்டு மாடு மாதிரி. ஒன்று இழுத்து மற்றது பின்தங்கினால் சால் கோணும். ஒரு சிலிண்டர் சுமையெல்லாம் சுமக்கும்; மற்றது சும்மா கூட ஓடும். வண்டி நடுங்கும், பெட்ரோல் வீணாகும். லீனாக ஓடும் பக்கத்தில் பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஓடும் வேகத்தில் எஞ்சின் 'சீஸ்' ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முறை என்ன?

முதலில் பிளக், பாயிண்ட், டைமிங், ஏர் பில்டர் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பரில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று புகும். அதை விட்டுவிட்டு ஸ்குரூவைத் திருகிப் பயனில்லை.

அடுத்து, இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மெயின் ஜெட், பைலட் ஜெட் துளைகளைக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மிதவையின் உயரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜெட்டின் நம்பரும் அப்படியே. கைக்குக் கிடைத்ததை ஆளுக்கொன்றாக மாட்டுவது கூடாது.

மூன்றாவது, ஏர் ஸ்குரூ. மெதுவாகக் கடைசி வரை முடுக்கி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது பொதுவான தொடக்கம். இரண்டிலும் ஒரே அளவு.

நான்காவது, இதுதான் முக்கியம். ஆக்சிலேட்டரைத் திருகும்போது இரண்டு கார்புரேட்டரிலும் உள்ள சிலைடுகள் ஒரே நொடியில் கிளம்ப வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரே தடிமனுள்ள இரண்டு டிரில் பிட்டுகள் போதும். அடிப்பாகத்தைச் சிலைடுகளின் கீழே செருகி, இரண்டும் ஒரே இறுக்கத்தில் பிடிக்கும்வரை ஸ்குரூவைத் திருகினால் உயரம் சமமாகிவிடும். பிறகு பிட்டுகளை மறக்காமல் எடுத்துவிட்டு, வாயில் விரலை வைத்துப் பார்க்கலாம். ஒன்று முந்தி, ஒன்று பிந்தினால் கேபிளின் அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

ஐந்தாவது, எஞ்சினைச் சூடாக்கி ஒவ்வொரு சிலிண்டரையும் தனியாக ஓட்டிப் பார்ப்பது. ஒரு பக்கத்துப் பிளக் வயரைக் கழற்றி, வேறொரு பிளக்கில் மாட்டி, அதை எஞ்சின் உடம்பில் பட வைக்க வேண்டும். மற்ற சிலிண்டர் நிற்காமல் ஓடுமாறு அதன் ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். அடுத்த பக்கத்துக்கும் அதே வேலை. பிறகு இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் வேகம் கூடும். இரண்டு ஸ்குரூவையும் சம அளவு தளர்த்தினால் அடங்கும். இரண்டு சைலன்சருக்கும் பின்னால் கையைக் காட்டினால் மூச்சு ஒரே மாதிரி அடிக்க வேண்டும்.

கடைசியாக ஆயில் பம்ப். அதுவும் இதே ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்ந்தது. கார்புரேட்டரைத் தொட்டவர் பம்பின் குறியையும் பார்க்காமல் விடக்கூடாது. பெட்ரோல் போய், ஆயில் போகாவிட்டால் பிஸ்டன் தாங்காது.

இந்த வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பீடி, தீக்குச்சி பக்கத்திலேயே வரக்கூடாது.

மேட்டில் ஒரு கணக்கு, பள்ளத்தில் ஒரு கணக்கு

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்று லேசானது. அதனால் சென்னையில் டியூன் செய்த வண்டி இங்கே வந்தால் பெட்ரோல் கூடி, புகையும். இங்கே டியூன் செய்த வண்டி சென்னைக்குப் போனால் லீனாகும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 சதம் எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் உண்டு. அதனால் இந்தப் பெட்ரோலுக்குத் தேவையான காற்று 14.7 பங்கு அல்ல, சுமார் 13.5 பங்குதான். பழைய ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டருக்கு இது தெரியாது. அதே காற்றை விடும். கலவை லீனாகிவிடும்.

பொம்மசந்திராவில் இது வெளியே தெரிவதில்லை. மேட்டுக் காற்று பெட்ரோலைக் கூட்டுகிறது, எத்தனால் குறைக்கிறது. ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டிக் கொள்கிறது. வண்டி நன்றாகவே ஓடுகிறது என்று நம்பி, பொங்கலுக்குக் கிளம்புகிறார்கள். அத்திப்பள்ளி எல்லை தாண்டி, ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் என்று இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகிறது. மேட்டின் உதவி போய்விட்டது. எத்தனாலின் குறை மட்டும் மிஞ்சுகிறது. நாலு வழிச் சாலையில் முழு ஆக்சிலேட்டரில் ஒரு மணி நேரம் போனால் எஞ்சினுக்குக் கண்டம்தான்.

பரிகாரம் எளிது. நீண்ட பயணத்துக்கு முன் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்றலாம். வழியில் டீக்கு நிற்கும்போது இரண்டு பிளக்கையும் கழற்றிப் பார்க்க வேண்டும். காப்பித்தூள் நிறம் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் லீன்; வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை என்றால் இரண்டும் சமமாக இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

யார் கற்றுக்கொள்வார்கள்?

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தது. அதன் பிறகு பெரும்பாலான புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் போய், இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. காற்றின் அழுத்தத்தைக் கருவியே அளந்து, பெட்ரோலைத் தானே கூட்டிக் குறைக்கிறது. மெக்கானிக் கையில் இப்போது ஸ்கேனர். திருப்புளியும் காதும் கொண்டு டியூன் செய்யத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

50 வயது கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி வகுத்தது. ராஜ்தூத் 350-க்கு அந்த வயது 2033-ல்தான் தொடங்கும். அதுவரை சாதாரண வண்டி போல ஆர்.சி.யைப் புதுப்பித்தே ஓட்ட வேண்டும்.

காகிதம் புதுப்பித்தால் போதாது. கார்புரேட்டரைப் புரிந்த ஒருவரிடம் இளைஞர்கள் நாலு ஞாயிற்றுக்கிழமை கூட நின்று கற்றுக்கொண்டால், வண்டியும் பிழைக்கும், ஓட்டுகிறவரும் பத்திரமாக ஊர் போய்ச் சேருவார்.