வெளிநாட்டுல வாங்கிய பழைய காரை ஊருக்குக் கொண்டு வரலாமா? விதிகள் என்ன சொல்கின்றன?

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பலருக்கும் இந்த ஆசை இருக்கும். "இங்க இவ்வளவு மலிவா கிடைக்குதே, ஒரு காரை வாங்கி ஊருக்கு அனுப்பிட்டா என்ன?" முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படிங்க.

எந்த காருக்கு அனுமதி?

பழைய கார் என்றால், தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலதுபக்கம் இருக்க வேண்டும். இடதுபக்க ஸ்டீயரிங் கொண்ட வளைகுடா நாட்டு கார்கள் இதிலேயே அடிபட்டுப் போகும். சிங்கப்பூர், மலேசியா கார்களில் ஸ்டீயரிங் பிரச்சினை இல்லை. ஆனால் அங்கே மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வயதான கார்கள்தான்.

இன்னும் 5 ஆண்டுகள் ஓடும் தகுதி இருப்பதாகச் சான்றிதழும் தேவை.

சென்னையில் இறக்கலாமா?

முடியாது. பழைய கார்களை மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே இறக்குமதி செய்யலாம். அங்கே வந்ததும் புனேவில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ போன்ற மையத்தில் சோதனை முடிந்த பிறகே வெளியே விடுவார்கள்.

வரி எவ்வளவு?

பலரும் பின்வாங்குவது இங்கேதான். அடிப்படை சுங்க வரி 70%, வேளாண் கட்டமைப்பு செஸ் 67.5%. மொத்தம் 137.5%. காரின் மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வரி மட்டும் 13.75 லட்சம். இரண்டும் சேர்ந்த 23.75 லட்சத்தின் மீது ஜிஎஸ்டி தனி.

அந்த 10 லட்சம் என்பது நீங்க கொடுத்த விலை அல்ல. புதிதாக இருந்தபோது என்ன விலையோ, அதிலிருந்து தேய்மானத்தைக் கழித்துத்தான் சுங்கத்துறை மதிப்பு போடும். அதனால் பில்லில் விலையைக் குறைத்துக் காட்டினாலும் பலன் இல்லை.

"நிரந்தரமா ஊருக்குத் திரும்புறேன், சலுகை உண்டா?"

வீட்டுப் பொருட்களுக்கு உண்டு, காருக்கு இல்லை. சுங்கச் சட்டத்தின்படி மோட்டார் வாகனம் 'பயணிகள் உடைமை' என்ற கணக்கிலேயே வராது.

ஆர்.டி.ஓ அலுவலகத்தில் என்ன கேட்பார்கள்?

படிவம் 20, சுங்க அனுமதிச் சான்று, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். இவற்றுடன் தமிழ்நாடு அரசின் வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். சுங்கத்துறையின் அசல் ஆவணங்களைத் தொலைத்துவிடாதீங்க. அவை இல்லாமல் நம்பர் பிளேட் கிடைக்காது.

அப்போ என்னதான் செய்யலாம்?

அங்குள்ள காரை அங்கேயே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் இங்கே ஒரு கார் வாங்குவதுதான் பெரும்பாலானோருக்கு லாபம். இல்லை, அந்தக் கார்தான் வேண்டும் என்றால், முதலில் தயாரிப்பு தேதியையும் ஸ்டீயரிங்கையும் பாருங்க. அதில் தேறினால் மட்டும் மும்பையில் உள்ள ஒரு சுங்க முகவரிடம் மொத்தச் செலவையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு பணத்தை எடுங்க.