தாய்ப்பாரின் மேல் நங்கூரம்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே வங்காலையிலிருந்து அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி வழியாகக் குதிரைமலை முனைவரை நீளும் கரை, மழை குறைந்ததும் குடிநீர் அரிதானதும் பெரிய கப்பல் அணையத்தக்க இயற்கைத் துறைமுகம் ஒன்றும் இல்லாததுமாகும். ஆயினும் முத்துச் சிப்பி வாழும் பார்கள், அதாவது கடலடியில் மணலுக்கிடையே பரந்து கிடக்கும் பாறைத்தளங்கள், கரையிலிருந்து பல மைல் தொலைவில் அமைந்திருப்பதால், அவற்றை அறிய விரும்பியவர் எவராயினும் கப்பலையே வீடாக்கிக்கொண்டு பாருக்கு மேலேயே வாரக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. பாய்க்கப்பலில் தங்கி இக்கரையோரம் உலவிய அரசாங்கப் பார்வையாளர்களின் வாழ்க்கை இவ்வாறு தேவையினால் உருவானதே.

அவ்வாழ்க்கையின் நாட்காட்டியை வகுத்தது காற்று. மே மாதமளவில் எழும் சோழகம், தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசிக் கடலைக் கலக்கிவிடுவதால், அது ஓயும்வரை பார்களின்மேல் எந்தக் கலமும் நிலைத்து நிற்க இயலாது. பின்னர் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் தன் பங்குக்குக் கடலைக் குழப்பும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அமைதிக் காலங்களே, குறிப்பாக மார்ச், ஏப்ரல் மாதங்களே, பார்களைச் சோதிப்பதற்கும் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக்கும் உரியவை. அக்காலத்தில் இரவில் நிலக்காற்று கடலை நோக்கி வீசும், பகலில் கடற்காற்று கரையை நோக்கித் திரும்பும். ஆகவே நள்ளிரவை ஒட்டிப் பாய் விரித்த தோணிகள் விடியலில் பாரை அடைந்து, நண்பகல்வரை குளித்து, கடற்காற்றைப் பிடித்துக்கொண்டு பிற்பகலில் கரை சேர்ந்தன. தோணிக்குரிய சம்மாட்டியும் அதை நடத்தும் தண்டலும் தம் தொழிலையே இந்த இரு காற்றுகளின் மீது கட்டியிருந்தனர் எனலாம்.

பார்களைச் சோதிக்கும் முறை எளியது, ஆனால் பொறுமையைக் கோருவது. தாய்க்கப்பல் நடுவே நங்கூரமிட்டு நிற்க, குளிகாரர் ஏறிய படகுகள் அதைச் சுற்றி வட்டமிட்டபடி செல்லும். இடையிடையே ஒருவர் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூழ்கிக் கையில் அகப்படும் சிப்பிகளை அள்ளி வருவார். அவை எண்ணப்பட்டு, வயது மதிக்கப்பட்டு, குறிக்கப்படும். குளிகாரரின் மூச்சும் கையுமே இம்முறையின் அடிப்படைக் கருவிகள் என்பதை நினைவில் வைப்பது நன்று, ஏனெனில் பின்வந்த அறிவியல் நூல்களில் அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

1891க்குப் பின் சலாபம் நடைபெறாமற் போகவே, காரணத்தைக் கண்டறிய லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் அழைக்கப்பட்டார். அவர் 1902 தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற உதவியாளருடன் வந்து, ‘லேடி ஹேவ்லொக்’ என்ற நீராவிக் கப்பலில் தங்கிப் பார்களை வலைவாரியும் குளிகாரரைக் கொண்டும் ஆராய்ந்தார். அவரது கவனத்தை மிகவும் ஈர்த்தது பெரிய பார். ஏறத்தாழ 11 மைல் நீளமும் 2 மைல்வரை அகலமும் கொண்டு வடக்குத் தெற்காகக் கிடக்கும் இப்பார், பத்துப் பாகத்துக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில், கடலடி திடீரெனச் சரிந்து நூறு பாகத்துக்கும் கீழே இறங்கும் விளிம்பை ஒட்டி அமைந்துள்ளது; பாகம் என்பது ஓர் ஆள் இரு கைகளையும் விரித்தால் வரும் நீளமாகும். 1880 முதல் அதுவரை குறைந்தது பதினொரு முறை இளஞ்சிப்பிகள் அங்கே செறிந்து நிறைந்தும், ஒருமுறைகூட அவை குளிப்புக்குரிய வயதை எட்டவில்லை. 1902 மார்ச்சிலும் பார் இளஞ்சிப்பிகளால் மூடிக்கிடந்தது; சோழகம் ஓய்ந்தபின் நவம்பரிலோ அது வெறுமையாகக் காணப்பட்டது.

குளிகாரர் இதைத் தாய்ப்பார் என்றனர். அங்கே தோன்றி மறையும் குஞ்சுகளே கரைப்பக்கத்துப் பார்களுக்குச் சென்று அவற்றை நிறைக்கின்றன என்பது அவர்களின் நம்பிக்கை. பாறையில் நூலிழைகளால் பற்றிக்கொண்டுவிட்ட சிப்பி அவ்வாறு கூட்டமாக இடம்பெயர இயலாது ஆதலால், விளக்கம் பிழையானது. ஆனால் ஆண்டாண்டாகக் கண்டதை அவர்கள் துல்லியமாகவே கண்டிருந்தனர் என்பதையும், அக்காட்சியே ஆராய்ச்சியின் தொடக்கப்புள்ளி என்பதையும் மறுக்க இயலாது. மணலில் புதைந்தோ சரிவில் அடித்துச் செல்லப்பட்டோ அவை அழிகின்றன என்று கருதிய ஹெர்ட்மன், சோழகத்துக்கு முன்பே அவற்றை அள்ளிப் பாதுகாப்பான உட்பார்களில் பரப்ப வேண்டும் என்றும், மணற்பாங்கான இடங்களில் கல்லிட்டுத் தளம் அமைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்.

1903 முதல் சலாபம் மீண்டும் நடந்தது. 1905இல் 8 கோடி அளவுக்குச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு 25 லட்சம் ரூபாய் அளவில் வருவாய் கிடைத்தது; அச்சலாபத்துக்காக மறிச்சுக்கட்டியின் வெறும் மணலில் பெருநகரம் ஒன்று சில வாரங்களுக்கு எழுந்து கலைந்தது. 1906இல் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. இளஞ்சிப்பிகளை இடம்பெயர்க்கும் பணியை அந்நிறுவனம் மேற்கொண்டது எனினும், 1907க்குப் பிறகு குளிப்புக்குரிய சிப்பி கிடைக்கவில்லை; மறுபடி ஒரு சலாபம் நடைபெற 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.