காட்சியிலிருந்து சாட்சிக்கு: இணைய ஊடகமும் நம் தலைமுறையின் கடமையும்

1920ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். குரலற்றோரின் தலைவன் என்று பொருள்படும் அவ்விதழின் வருகையை அறிவிக்கும் விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடக்கூட அன்றைய புகழ்பெற்ற மராத்தி ஏடான ‘கேசரி’ மறுத்தது. தமிழகத்தில் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கியதன் பின்னணியிலும் இதே தேவை இருந்தது. பிறர் ஏட்டில் நமக்கு இடமில்லை. எனவே நமக்கென ஓர் ஏடு வேண்டும்.

நூறாண்டுகள் கடந்தும் அந்த நிலை பெரிதாக மாறிவிடவில்லை. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, தாம் ஆராய்ந்த ஊடக நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 பொறுப்புகள் ஆதிக்கச் சாதியினரிடம் இருந்ததைக் காட்டியது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட அப்பொறுப்புகளில் இல்லை.

இத்தகைய சூழலில்தான் கைப்பேசி எங்கள் தலைமுறையின் கைக்கு வந்தது. கல்லூரியில் பயிலும் ஒரு தலித் மாணவர் இன்று ஆசிரியர் குழு எதனிடமும் அனுமதி கேட்காமல் எழுதலாம், பேசலாம், படம்பிடித்து வெளியிடலாம். இது சிறிய மாற்றமன்று. ஆயினும் ஒரு கேள்வியை நாம் நேர்மையாக எழுப்பிக்கொள்ள வேண்டும். நம் குரல் கேட்கப்படுகிறது. நமக்கு நீதி கிடைக்கிறதா? ஒரு கொடுமை கண்ணுக்குத் தெரிவதற்கும் அது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படுவதற்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. இணைய ஊடகம் நம்மை அத்தொலைவின் முதல் படியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. எஞ்சிய தொலைவை நாம்தான் நடந்து கடக்க வேண்டும்.

கருவி யாருடைய கையில்?

‘எல்லோர் கையிலும் இணையம்’ என்னும் சொல்லாடலை முதலில் சரிபார்த்துக்கொள்வோம். 2017–18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி (75ஆவது சுற்று), இந்தியக் குடும்பங்களில் 23.8 விழுக்காட்டினருக்கே இணைய வசதி இருந்தது. நகர்ப்புறத்தில் 42 விழுக்காடாக இருந்த இவ்வசதி, சிற்றூர்களில் 14.9 விழுக்காடாக மட்டுமே இருந்தது. கணினி வைத்திருந்த குடும்பங்கள் 10.7 விழுக்காடு. ஈராண்டுகளில் கொரோனா வந்தது. வகுப்பறை இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. 2020 சூன் முதல் நாள், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கூலித் தொழிலாளி ஒருவரின் மகளான தலித் பள்ளி மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்தது. இணைய வகுப்பில் பங்கேற்க அவருக்கு வழியில்லை.

அதன் பின்னர்க் கைப்பேசியின் பரவல் பெருகியிருக்கலாம். ஆனால், ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் மாறிமாறிப் பயன்படுத்தும் வீட்டையும், ஆளுக்கொரு மடிக்கணினி வைத்திருக்கும் வீட்டையும் ‘இணைய வசதியுள்ள குடும்பம்’ என்னும் ஒரே கட்டத்தில் அடைத்துவிட முடியாது. இதில் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. கோழிக்கோடு மாவட்டத்தில் கல்லூரி விடுதியொன்று, மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவியர் கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும் என விதித்தது. மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்த கேரள உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை, கல்வி உரிமையின் பகுதி என்றும், அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது கூறு காக்கும் தனியுரிமையின் பகுதி என்றும் கூறி, அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. விடுதிகளில் இத்தகைய விதிகளை இன்றும் எதிர்கொள்ளும் மாணவியர் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

ஒரே காணொளி, இரு பயன்கள்

புதிய ஊடகம் நமக்கு மட்டும் கிடைத்த கருவியன்று. சாதி அதனை நம்மைவிட விரைவாகக் கற்றுக்கொண்டது. திருவிழா ஊர்வலக் காட்சிகளோடு சாதிப்பெருமைப் பாடலை இணைத்து வாட்ஸ்அப் நிலைத்தகவலாக வைப்பதும், இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை ஏளனம் செய்யும் மீம்கள் வகுப்புக் குழுவில் ‘நகைச்சுவை’யாகச் சுற்றுவதும் எந்த மாணவருக்கும் புதிதல்ல.

2016 சூலை 11ஆம் நாள் குசராத்தின் ஊனா வட்டத்தில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை வாகனத்தில் கட்டிவைத்துத் தாக்கியவர்கள், அதைத் தாங்களே படம்பிடித்துப் பரப்பினார்கள். அவர்களைப் பொறுத்தவரை அக்காணொளி ஓர் எச்சரிக்கை. ஆனால், அதே காணொளி நாடெங்கும் தலித் மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். அகமதாபாத்தில் புறப்பட்ட நெடும்பயணம் ஆகத்து 15 அன்று ஊனாவை அடைந்தது. அச்சுறுத்த எடுத்த படத்தை எதிர்ப்பின் படமாக மாற்றியது காணொளியின் ஆற்றலன்று. அதைக் கண்டபின் களத்தில் இறங்கிய மக்களின் ஆற்றல்.

தமிழகத்தின் கோகுல்ராஜ் வழக்கு இன்னொரு பாடத்தைத் தருகிறது. 2015 சூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட அந்தத் தலித் பொறியியல் பட்டதாரி, மறுநாள் இருப்புப்பாதையில் சடலமாகக் கிடந்தார். முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார். விசாரணையில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். நிலைத்து நின்றது கோயிலின் கண்காணிப்பு கேமராப் பதிவு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதிகள் 2023 சனவரியில் கோயிலுக்கே நேரில் சென்று, கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டனர். அவ்வாண்டு சூனில் முதன்மைக் குற்றவாளியின் தண்டனை உறுதி செய்யப்பட்டது.

இணையத்தில் ஒரு கண்டனக் குறிச்சொல் முன்னணியில் நிற்பது ஓரிரு நாள். கோகுல்ராஜ் வழக்கின் தீர்ப்புக்கோ ஏறத்தாழ ஏழாண்டுகள் தேவைப்பட்டன. அந்த ஏழாண்டுகளும் அழியாமல் இருக்கும் பதிவுதான் சாட்சியாகிறது; பகிர்வின் எண்ணிக்கை சாட்சியாவதில்லை.

‘பொதுப் பார்வை’ என்பது எது?

இணையத்தில் சாதிவழி இழிவுபடுத்தப்படும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘இது குற்றமா?’ என்பது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டபோது முகநூலும் வாட்ஸ்அப்பும் இல்லை. எனினும் அதன் பிரிவு 3(1)(ஆர்), பொதுப் பார்வைக்குட்பட்ட எவ்விடத்திலும் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதையும் மிரட்டுவதையும், 3(1)(எஸ்) அத்தகைய இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் தண்டிக்கின்றன. பிரிவு 3(1)(யு), எழுத்தாலோ பேச்சாலோ காட்சியாலோ இம்மக்களுக்கு எதிராகப் பகையையும் வெறுப்பையும் வளர்ப்பதைக் குற்றமாக்குகிறது.

இணையம் ‘பொதுப் பார்வைக்குட்பட்ட இடம்’ ஆகுமா? 2017இல் முகநூல் பதிவு தொடர்பான வழக்கொன்றில் தில்லி உயர்நீதிமன்றம், கணக்கைத் தனிப்பட்டதாக அமைத்துக்கொண்டதனால் மட்டும் ஒருவர் இச்சட்டத்திலிருந்து தப்பிவிட முடியாது என்றது. எனினும், குறிப்பிட்ட நபரைச் சுட்டாத பொதுவான பதிவு என்பதால் அவ்வழக்கை ரத்து செய்தது. 2022இல் கேரள உயர்நீதிமன்றம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. பழங்குடிப் பெண்ணொருவரை இழிவுபடுத்தும் நேர்காணல் இணையத்தில் வெளியிடப்பட்ட வழக்கில், அதை ஒருவர் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர் அங்கே இருப்பதாகவே கொள்ள வேண்டும் எனக் கூறி, முன்பிணை வழங்க மறுத்தது. நேரில் திட்டும் சொல் காற்றோடு போகலாம்; இணையத்தில் ஏற்றப்பட்ட இழிசொல் ஒவ்வொரு சொடுக்கிலும் மீண்டும் உரைக்கப்படுகிறது என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

அதேவேளை ஓர் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள், பொதுமக்கள் எவரும் இல்லாதபோது நிகழ்ந்த வசை ‘பொதுப் பார்வை’யில் அடங்காது என 2020இல் உச்ச நீதிமன்றம் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியது. எனவே, ஒருவருக்கு மட்டும் அனுப்பப்படும் செய்தியை மேற்கண்ட முதல் இரு உட்பிரிவுகளில் கொண்டுவருவது கடினம். பலர் உறுப்பினராக உள்ள வகுப்புக் குழுவின் நிலை வேறு. தனிச்செய்தியில் மிரட்டல் இருந்தால் அதற்குத் தண்டனைச் சட்டத்தின் பிற பிரிவுகள் உள்ளன.

பதிவைக் காப்பது எப்படி?

பெரும்பாலான இணைய வன்கொடுமைப் புகார்கள் வலுவிழப்பது ஆதாரத்தில்தான். இழிவான பதிவைக் கண்டதும் நாம் அதைத் திரைப்பிடிப்பு எடுத்துப் பகிர்ந்து, கொதித்து, கண்டித்து முடிக்கிறோம். மறுநாள் அவர் பதிவை நீக்கிவிடுகிறார். நம்மிடம் எஞ்சுவது, யார் வேண்டுமானாலும் திருத்தியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடிய ஒரு படம் மட்டுமே.

ஆகவே, பகிர்வதற்கு முன் பாதுகாக்க வேண்டும். பதிவின் முழு இணைய முகவரி, கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியன தெரியுமாறு திரைப்பிடிப்பு எடுக்க வேண்டும். அந்தக் கணக்கின் முகப்பிலிருந்து பதிவு வரை சென்று காட்டும் திரைக் காணொளி ஒன்றையும் எடுத்துக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப் செய்தி எனில், அது வந்த கைப்பேசியே முதன்மைச் சான்று. அந்த உரையாடலை நீக்கவோ கைப்பேசியை விற்கவோ கூடாது. பலர் வழியாகச் சுற்றிவந்த நகல், யார் முதலில் அனுப்பினார் என்பதைச் சொல்லாது.

மின்னணுச் சான்றின் நகலை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் கட்டாயம் என 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிபடக் கூறியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவும் அதையே கோருகிறது. அச்சான்றிதழின் முதல் பகுதியைச் சான்றை அளிப்பவரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பும் அதில் இடம்பெறும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும். இதைக் கணக்கிடும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினி பயிலும் மாணவர்கள் தம் ஊர் இயக்கங்களுக்குச் செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள உதவி இது.

அடுத்தது புகார். சட்டத்தின் 18அ பிரிவின்படி, வன்கொடுமைப் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. ‘விசாரித்துவிட்டுப் பதிகிறோம்’ என்று காவல் நிலையத்தில் சொல்லப்பட்டால் இப்பிரிவைச் சுட்ட வேண்டும். 14566 என்னும் தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம். சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுத வேண்டும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இவ்வாறு நீக்கப்படும் பதிவின் தரவை நிறுவனம் 180 நாள் பாதுகாக்க வேண்டும். விசாரணை அமைப்பு அக்காலத்திற்குள் அதைக் கோரிப் பெறாவிடில், சான்று நிலையாக மறைந்துபோகலாம். ‘பதிவு நீக்கப்பட்டது’ என்பதை வெற்றியாகக் கொண்டாடும் நாம், அந்த நாளிலிருந்து நாட்காட்டியை எண்ணத் தொடங்க வேண்டும்.

பகிர்வதிலும் பொறுப்பு வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் பெயரையும் முகத்தையும் வெளியிடுவது, நீதி கேட்கும் நோக்கில் செய்தாலும் குற்றமே. சட்டம் ஒருபுறமிருக்க, கொல்லப்பட்ட நம் உறவுகளின் சிதைந்த உடல்களைத் திரும்பத் திரும்பப் பகிர்வது அவர்தம் குடும்பத்தாருக்கு என்ன தரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படங்கள் சேர வேண்டிய இடம் வழக்குக் கோப்பு.

நம் நினைவு பிறர் கிடங்கில்

இன்று நம் எழுத்துகளும் காணொளிகளும் ஒருசில பெருநிறுவனங்களின் கிடங்குகளில் கிடக்கின்றன. எது தெரிய வேண்டும், எது நீங்க வேண்டும் என்பதை அவற்றின் இயந்திரங்களே பெரிதும் தீர்மானிக்கின்றன. சாதிச் சான்றிதழில் உள்ள அதே பெயர் இன்னொருவர் வாயில் வசையாவதை இயந்திரத்தால் எளிதில் பிரித்தறிய முடியாது. வசையைப் பொழிந்தவரின் பதிவு நிற்க, அதை மேற்கோள் காட்டிக் கண்டித்தவரின் கணக்கு முடக்கப்படும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலித் இதழ்கள் பலவற்றின் படிகள் இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. ‘தமிழன்’ இதழின் படிகள் காக்கப்பட்டதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுக்க முடிந்தது. அதன் பின்னரே தமிழ் அறிவுலகம் பண்டிதரைப் பரவலாகப் படிக்கத் தொடங்கியது. எழுதியவரைப் போலவே அவ்வெழுத்தைக் காத்தவரும் வரலாற்றை உருவாக்கினார்.

ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள அம்பேத்கர் வாசகர் வட்டம், தம் பகுதியில் நிகழும் வன்கொடுமைகளின் காணொளிகள், புகார் நகல்கள், முதல் தகவல் அறிக்கைகள், தீர்ப்புகள் ஆகியவற்றை நாள்வாரியாகத் தொகுத்து, இரண்டு வன்வட்டுகளில் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பேணலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. மூன்று நான்கு பேரின் தொடர் உழைப்பு போதும். கற்பி, ஒன்றுசேர், கிளர்ச்சி செய் என்று அண்ணல் வகுத்த வழியில், நம் காலத்திற்குரிய கல்வியின் ஒரு பகுதி இதுவே. பட்டம் முடித்து நாம் ஊர் திரும்பிய பின்னும், நமக்கு அடுத்து அவ்வகுப்பறைக்கு வரும் மாணவர் தேடினால் அந்தத் தொகுப்பு அங்கே இருக்க வேண்டும்.