ஹேட் பெட்டர் நாட் (ஆங்கில எச்சரிக்கைத் தொடர்)

ஒரு செயலைச் செய்ய வேண்டாம் என ஒருவரை எச்சரிக்க, ஆங்கிலப் பேச்சில் "ஹேட் பெட்டர் நாட்" என்னும் தொடர் பயன்படுகிறது. "யூ ஹேட் பெட்டர் நாட் கோ" என்றால் "நீ போகாமல் இருப்பதே நல்லது" என்று பொருள். பேச்சில் இது "யூட் பெட்டர் நாட் கோ" எனச் சுருங்கும்.

"ஹேட்" இறந்தகாலச் சொல்லானாலும், இங்கு நிகழ்காலத்தையோ எதிர்காலத்தையோ குறிக்கும். "நாட்" என்பது "பெட்டர்" என்பதற்குப் பின் வரும். அதையடுத்து "டு" சேராத வினைச்சொல் வரும்.

தமிழில் "போகாமல் இருப்பது நல்லது" என்பது பணிவான அறிவுரை. ஆங்கிலத் தொடரிலோ "மீறினால் கேடு வரும்" என்னும் குறிப்பு உண்டு. எனவே மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ சொன்னால் மிரட்டலாகத் தோன்றலாம். அவர்களிடம் "ஐ வுட்ன்ட் ரெகமெண்ட் இட்", அதாவது "நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்" என்பதே பொருத்தமானது. நண்பருக்குச் சொல்லும் சாதாரண அறிவுரைக்கு "ஷுட்ன்ட்" போதும்.