அறுபதுக்குப் பின் மீண்டும் ஓடலாமா?

அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடினால், பார்ப்பவர்கள் இரு வகையாகப் பிரிந்துவிடுவர். "இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று முணுமுணுப்போர் ஒரு வகை. "நாளை முதல் நானும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நாளையும் வராதோர் மறு வகை. இவ்விரு சாராரின் பேச்சும் நமக்குப் பழகிவிட்டது. பழகாதிருந்தது வேறொன்று: ஓடிக் காலைக் கெடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் வீட்டில் முடங்கியபின், மைதானத்துக்குத் திரும்பிவருவது எவ்வாறு என்பது. அதை நாம் ஒரு முறை தவறாகவும் மறுமுறை ஓரளவு சரியாகவும் செய்து பார்த்துவிட்டோம். நம் குடும்பங்களில் இவ்வயதினர் பலர் இருப்பதால், பட்டறிந்ததைச் சொல்லிவைக்க எண்ணுகிறோம்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, நம் 61ஆம் வயதில், இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதைக் கண்ட மருத்துவர் நம்மை நடக்கச் சொன்னார். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தோம். நடை மெல்ல மெல்ல ஓட்டமாயிற்று. ஐந்தாம் மாதத்தில் நில்லாமல் 4 கிலோமீட்டர் ஓடினோம், சர்க்கரையும் இறங்கியது. அத்துடன் திருப்தி கொண்டிருக்கலாம். ஊரில் நடைபெறவிருந்த 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மூன்றே வாரங்களில் தூரத்தை இரட்டிப்பாக்கினோம். வலது குதிகாலுக்குச் சற்று மேலே, கெண்டைக்கால் சதை ஒடுங்கி நாணாக இறங்கும் இடத்தில், காலையில் எழுந்ததும் முதல் பத்தடிக்கு ஒரு விறைப்பு தோன்றிற்று. நடக்க நடக்க மறைந்தது. மறைந்ததனால் மறந்தோம். பெயர் கொடுத்த ஓட்டத்துக்கு நான்கு நாட்களே இருக்கையில், நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

ஆறு வாரம் ஓய்வு. வலி அறவே நின்றது. சர்க்கரையோ மறுபடி ஏறியது. ஆகவே அவசரம் பிறந்தது. ஒரு திங்கட்கிழமை காலை மைதானத்தை ஐந்து சுற்றுச் சுற்றினோம். ஏறத்தாழ 2 கிலோமீட்டர். மூச்சு சிறிதும் திணறவில்லை. வீட்டுக்கு வந்து, "குணமாகிவிட்டது" என்று இல்லத்தரசியிடம் அறிவித்தோம். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி அடியெடுத்து வைக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "குணமாயிற்று என்று உங்களுக்கு யார் சொன்னது? காலா, வாயா?" என்றார்.

உண்மையில் சொன்னது மூச்சு. அங்கேதான் நாம் ஏமாந்தோம். இவ்வயதில் பலரும் ஏமாறுவது அங்கேதான். இருதயமும் நுரையீரலும் பயிற்சிக்கு விரைவில் இணங்கிவிடும். சில வாரங்களிலேயே மூச்சு சீர்படும். தசைக்கும் இரத்த ஓட்டம் மிகுதி. அதுவும் அதிகம் தாமதிப்பதில்லை. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணின் கதை வேறு. அதில் இரத்த ஓட்டம் குறைவு. அது வலுப்பெற மாதங்கள் ஆகும். வயதும் சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் தாமதம். குதிகாலுக்குப் பின்னுள்ள நாணை மருத்துவர்கள் அக்கிலிஸ் தசைநாண் என்பர். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரை நம் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு விசையோடு பாதத்தைத் தாக்குகிறது. குதிகால் நாண் தாங்கும் இழுவையோ எடையைப் போல் 6 மடங்குக்கும் மேல். 70 கிலோ எடையுள்ளவருக்கு 400 கிலோவுக்கு மேல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இருபது நிமிட ஓட்டத்தில் ஒரு காலுக்கு 1,500 அடிகளாவது விழும். ஓய்வு வலியை அடக்குமேயன்றி, இச்சுமையைத் தாங்கும் வலிமையைத் தாராது. ஆறு வாரம் சும்மா இருந்த நாண், முன்னிருந்ததைவிடச் சற்று நலிந்தே இருந்திருக்கும். நல்ல மூச்சோடு, நலிந்த நாணின் மேல் ஏறி ஓடினோம்.

இம்முறை முறையாக ஒரு பிசியோதெரபி மருத்துவரிடம் சென்றோம். நம் மகள் வயதுடைய பெண். நாணை விரல்களால் அழுத்திப் பார்த்துவிட்டு, "சார், இதற்கு ஓய்வும் போதாது, ஓட்டமும் ஆகாது. முதலில் வேலை கொடுக்கவேண்டும்" என்றார். அவர் கற்பித்த பயிற்சிக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு.

ஸ்வீடனில் ஹோகன் ஆல்பிரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கே குதிகால் நாணில் தீராத வலி. அறுவைச் சிகிச்சை செய்துவிடும்படி தம் மேலதிகாரியைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். நாண் மேலும் கெட்டால் அறுவை செய்துதானே ஆகவேண்டும் என்று எண்ணிய ஆல்பிரெட்சன், வலிக்க வலிக்க அதற்குச் சுமை கொடுக்கலானார். நாண் கெடவில்லை, குணமாயிற்று! பின்னர் அதையே ஒழுங்குபடுத்தி, நாட்பட்ட வலியுள்ள 15 பேருக்கு 12 வாரம் கொடுத்து, 1998இல் முடிவை வெளியிட்டார். பதினைவரும் மீண்டும் ஓடினர். பின்வந்த ஆய்வுகளில் அத்தனை பேருக்கும் பலிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் நாணுக்குச் சுமையே மருந்து என்ற கருத்து நிலைத்துவிட்டது.

செய்முறை எளிது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நல்ல காலின் உதவியால் குதிகால்களை உயர்த்த வேண்டும். பிறகு நோயுள்ள காலின் மேல் மட்டும் எடையை வைத்து, குதிகாலைப் படியின் மட்டத்துக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். முழங்காலை நிமிர்த்தி 15 தடவையாக மூன்று முறை, சற்று மடக்கி அதே அளவு, காலையும் மாலையும். ஆக நாளொன்றுக்கு 180. நமக்கு மருத்துவர் 40இல் தொடங்கி, ஒரு மாதத்தில்தான் முழுக் கணக்குக்குக் கொண்டுவந்தார். வலி நாணின் நடுவிலன்றி, அது குதிகால் எலும்பில் ஒட்டுமிடத்தில் இருந்தால், படிக்குக் கீழே இறக்கலாகாது, தரைமட்டத்தோடு நிறுத்தவேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல், பிறர் சொல்லக் கேட்டுச் செய்து வலியைக் கூட்டிக்கொண்டோரை நாம் கண்டிருக்கிறோம். ஒருமுறையேனும் அறிந்தவரிடம் காலைக் காட்டுவது நலம்.

வலியின்றி அரைமணி நேரம் விரைந்து நடக்கவும், நோயுள்ள ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 20 தடவை உயர்த்தவும் முடிந்த பின்னரே ஓடலாம் என்று நமக்கு விதிக்கப்பட்டது. அந்த இருபதை எட்டப் பத்து வாரம் பிடித்தது. ஒன்பதிலேயே பல நாள் நின்றோம்.

அடுத்து, ஓட்டத்தை எவ்வாறு தொடங்குவது? ஓட்டத்தின் இடையிடையே நடப்பதை இளைஞர்கள் இழிவாகக் கருதுகின்றனர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, 1974இல் புதியவர்களுக்கு வகுப்பு நடத்தியபோதே இம்முறையைப் புகுத்தினார். 1996இல் ஜாஷ் கிளார்க் என்பவர், ஐம்பது வயதைக் கடந்த தம் தாயார் போன்றோரை மனத்தில் கொண்டு ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை வகுத்தார். உலகெங்கும் பரவிய திட்டம் அது. வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிட நடைக்குப் பின் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி இருபது நிமிடம். நல்ல திட்டமே. ஆயினும் ஐந்தாம் வாரத்தின் இறுதியில் நில்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்கிறது. அடிபட்ட நாணை வைத்துக்கொண்டு அறுபதில் திரும்புவோருக்கு அது படியன்று, மதில். நாம் அந்த ஒன்பது வாரத்தை இருபத்தைந்தாக நீட்டிக்கொண்டோம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆறு தடவை. இதையே மூன்று வாரம். ஒருநாள் ஓடினால் மறுநாள் ஓடுவதில்லை. குதிகால் பயிற்சி மட்டும்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே என்று ஒரு விதியைப் பலரும் ஓதுவர். நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதிய ஓட்டக்காரர்களை வைத்து இதைச் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். விதிப்படி மெல்லக் கூட்டியோரிலும், வழக்கமான திட்டத்தில் ஓடியோரிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காயமுற்றனர். இதனால் அவசரப்படலாம் என்று ஆகிவிடாது. தாளில் எழுதிய கணக்குக்கு நம் கால் தெரியாது என்பதே பொருள்.

அப்படியானால் எதைக் கேட்பது? நமக்கு மருத்துவர் தந்த அளவுகோல், ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் குதிகால் நாண் நோயாளிகளிடம் சோதித்து 2007இல் வெளியிடப்பட்டது. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் இடவேண்டும். பயிற்சியின்போது 5 வரை வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அது தணிந்திருக்கவேண்டும். வாரத்துக்கு வாரம் வலியோ விறைப்போ ஏறலாகாது. தேர்வுத்தாள் திருத்திய கைக்கு மதிப்பெண் போடுவது கடினமா? சமையலறையில் தொங்கும் பங்கு நாட்காட்டியில், ஒவ்வொரு நாள் கட்டத்திலும் எழுந்ததும் வைத்த முதல் அடியின் வலியைப் பென்சிலால் குறித்து வந்தோம். மாலையில் எழுதுவதில்லை. மாலையில் கால் சூடேறியிருக்கும், பொய் சொல்லும்.

பதினோராம் வாரத்தில் ஒரு சறுக்கல். கல்லூரி மாணவன் ஒருவன் நம்மை எளிதாகத் தாண்டிப் போனான். நடக்கவேண்டிய இரண்டு நிமிடத்தையும் சேர்த்து அவன் பின்னால் ஓடினோம். மறுநாள் காலை நாட்காட்டியில் 6. இல்லத்தரசி அதைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நாள் ஓடாமல் இருந்து, எட்டாம் வாரத்துப் பாடத்துக்குத் திரும்பிச் சென்றோம்.

வேறு சில எச்சரிக்கைகள். குதிகாலின் பின்புறம் யாரோ உதைத்ததுபோல் 'டப்'பென்று தோன்றி, முன்பாதத்தில் நிற்க முடியாமற் போனால், நாண் அறுந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். எலும்பில் ஒரே புள்ளியில் வலித்து, இரவிலும் விடாதிருந்தால் அது நாணன்று. எலும்பில் நுண்ணிய முறிவு இருக்கலாம். மார்பில் இறுக்கமோ மயக்கமோ வந்தால், எத்திட்டமாயினும் அங்கேயே நிற்கவேண்டும். பலர் அறியாதது ஒன்றுண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்த கிருமிக்கொல்லி மாத்திரைகள் தசைநாண் அறுந்துபோகும் அபாயத்தைக் கூட்டுகின்றன. 60 வயதைக் கடந்தோருக்கும் ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கும் இது அதிகம். சிறுநீர்த் தொற்றுக்கு எழுதித் தரும்போது, "நான் ஓடுகிறவன்" என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

"அருட்சகோதரிகள்கூட ஓடுகிறார்களாமே?" என்று ஒரு அன்பர் கேட்டார். ஆம். 1930இல் பிறந்த அமெரிக்கத் துறவி மடோனா புடர், ஒரு குருவானவரின் தூண்டுதலால் 48ஆம் வயதில் ஓடத் தொடங்கினார். 2012இல், தம் 82ஆம் வயதில், 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, 42.2 கிலோமீட்டர் ஓடும் 'அயர்ன்மேன்' போட்டியை 17 மணி நேர வரம்புக்குள் முடித்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் பலமுறை எலும்பு முறிந்தவர் அவர். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வந்ததுதான் நமக்கு வியப்பு. அவரைப் பார்த்து 42 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்கும் எண்ணம் நமக்கில்லை. இல்லத்தரசியிடம் அனுமதியும் இல்லை.

இப்போது ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஐந்து தடவை செய்கிறோம். சென்ற மாதம் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. குதிகால் பயிற்சியை விடவில்லை. நேற்று ஓடினோம். இன்று காலை நாட்காட்டியில் எழுதியது 1. நாளை ஓடலாம்.